பழைய இயந்திரம் ஒன்று எதற்கென்று கண்டுபிடிப்பது எப்படி

முதல் விஷயம்: துடைக்காதீர்கள். பரணிலோ, பழைய இரும்புக் கடையிலோ, எஸ்டேட் பங்களா ஏலத்திலோ கைப்பிடியும் பல்சக்கரமுமாக ஒரு பொருள் கிடைத்தால், வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எமரி பேப்பரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கத்தான் கை துறுதுறுக்கும். அப்படித் தேய்த்துக் கழுவி ஊற்றும் அழுக்கில்தான் பாதி விடை இருக்கிறது.

கோவையில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. வேலைக்கு நடுவே இந்த மாதிரி இனம் தெரியாத பொருள்களும் வந்து சேரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்பவர்கள் அனுப்புவார்கள், ஊட்டிப் பக்கம் பழைய பங்களா வாங்கியவர்கள் கொண்டுவருவார்கள். "அண்ணா, இது என்னான்னு மட்டும் சொல்லுங்க, ரிப்பேர் அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் எந்த வழியில் விடை தேடுகிறேனோ அதையே இங்கே எழுதுகிறேன். இதற்கு லேத் வேண்டாம். ஒரு வெர்னியர், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், மரை அளக்கிற பிட்ச் கேஜ், ஒரு நோட்டு போதும்.

எச்சரிக்கை ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உள்ளே பெரிய சுருள் ஸ்பிரிங் இருந்தால், அது முறுக்கியபடியே நிற்கிறதா என்று தெரியாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம். அம்பது வருடம் சும்மா கிடந்த ஸ்பிரிங்கும் விரலைப் பதம் பார்க்கும். முறுக்கை மெல்ல இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தெரியாவிட்டால் கடிகாரம் பழுதுபார்க்கிறவரிடம் கொடுங்கள்.

அழுக்கு என்ன சொல்கிறது

பொருளை வெள்ளைத் தாள்மேல் வைத்து, இண்டு இடுக்குகளில் சேர்ந்திருப்பதை ஊசியால் சுரண்டி எடுங்கள். ஒவ்வொரு இடத்து அழுக்கையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எங்கே எடுத்தது என்று மேலேயே எழுதிவிடுங்கள்.

குன்னூர்ப் பக்கத்து பங்களா ஒன்றிலிருந்து ஒரு பொருள் வந்தது. வார்ப்பு இரும்புத் தாங்கிமேல் வட்டமான மர டிரம், பக்கத்தில் கைப்பிடி, விளிம்பில் சின்னதும் பெரிதுமாகச் சில துவாரங்கள். கிளப்பில் குலுக்கல் சீட்டு எடுக்க வைத்திருந்தது என்று கொண்டுவந்தவர் நம்பிக்கொண்டிருந்தார். கவிழ்த்துத் தட்டினேன். கருப்பாகத் தூள் விழுந்தது. விரலில் நரநரவென்றது. கண்ணாடித் துண்டில் வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியில் கீறல். எமரித் தூள்! அப்புறம் அந்தத் துவாரங்களைத் திரும்பப் பார்த்தேன். ஒன்றுகூட வட்டமில்லை. எல்லாமே ஒடுங்கி நீண்ட வெட்டுகள், சாப்பாட்டு மேசைக் கத்தியின் அலகு நுழைகிற அளவு.

அது கத்தி தேய்க்கும் இயந்திரம். லண்டன் ஜார்ஜ் கென்ட் கம்பெனி இந்த வகைக்குப் பேர்போனது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கொண்டுவந்தது 1913-இல். அதற்கு முன் மேசைக் கத்திகள் சாதாரண எஃகுதான். எலுமிச்சைச் சாறு பட்டால் கருக்கும், ஈரம் பட்டால் துருவேறும். அதனால் சாப்பாடு முடிந்ததும் கத்திகளைத் துவாரங்களில் செருகி, எமரித் தூளைப் போட்டுச் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தோலும் மயிர்க்கற்றையும் அலகைத் தேய்த்துக் கொடுக்கும். எவர்சில்வர் வந்தபின் இதற்கு வேலையே இல்லை, அதனால்தான் இன்று யாருக்கும் தெரியவில்லை. முன்னமே யாராவது கழுவித் துடைத்திருந்தால் அது இன்னமும் குலுக்கல் டிரம்மாகவே இருந்திருக்கும்.

பஞ்சு மாதிரி ஏதாவது கிடைத்தால் ஒரு துளியை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகுகிற நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகி மணியாக உறைந்தால் நைலான், பாலியெஸ்டர் வகை. மாவு, மெழுகு, மை, புகையிலை ஒவ்வொன்றுக்கும் மூக்கே போதும்.

உருவத்தை மறந்துவிட்டு ஓட்டத்தைப் பாருங்கள்

"பார்த்தால் கடிகாரம் மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தால் கடைசிவரை கடிகாரத்திலேயேதான் நிற்போம். போனில் படம் எடுத்துத் தேடினாலும் இதே கதிதான், அதுவும் உருவத்தைத்தான் ஒப்பிடுகிறது. நான் கேட்கிற கேள்வி வேறு: விசை எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது?

கைப்பிடியை மெல்லச் சுற்றுங்கள். கைப்பிடி பல சுற்று சுற்ற, கடைசிச் சக்கரம் மெதுவாக நகர்ந்தால் இரண்டில் ஒன்று. கடைசியில் தடித்த ஷாஃப்ட் இருந்தால் பலத்தைக் கூட்டுகிற வேலை: தூக்க, அழுத்த, பிழிய. மெல்லிய முள்ளோ எண் தட்டோ இருந்தால் எண்ணுகிற வேலை. மாறாக, கைப்பிடி ஒரு சுற்றுக்குக் கடைசிச் சக்கரம் பல சுற்று சுற்றினால் ஊதுவது, கடைவது, சாணை பிடிப்பது போன்ற வேகம் வேண்டிய வேலை. சக்கர வரிசையின் முடிவில் காற்றாடி இறக்கை மாதிரி சின்னத் தகடு இருந்தால், அது வேகத்தைக் கட்டுப்படுத்த வைத்தது. இசைப்பெட்டியிலும், மணியடிக்கும் கடிகாரத்திலும் அதைப் பார்க்கலாம். சீரான வேகம் யாருக்குத் தேவை என்று யோசித்தால் பாதி வகைகள் அங்கேயே கழிந்துவிடும்.

பற்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல்லின் ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால் அந்தச் சக்கரம் ஒரே திசையில்தான் சுற்றியிருக்கிறது. இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் முன்னும் பின்னும் போயிருக்கிறது. கைப்பிடி மரத்தில் எந்த இடம் வழவழப்பாக இருக்கிறதோ அங்கேதான் கை இருந்தது. எண்கள் எந்தப் பக்கம் இருந்து படிக்க நேராக இருக்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் ஆள் நின்றார். உட்கார்ந்து செய்த வேலையா, நின்று செய்ததா என்பதுகூட இந்த இரண்டையும் சேர்த்தால் தெரியும்.

பல் எண்ணிக்கை

இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. சாயம் போகும், தகடு உதிரும், பெயர் அழியும். பல்லின் எண்ணிக்கை மட்டும் அன்று வரைபடம் போட்டவர் மனதில் என்ன கணக்கு இருந்ததோ அதை அப்படியே வைத்திருக்கும்.

ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்துவிட்டு எண்ணுங்கள். ஒன்றுடன் ஒன்று சேர்கிற சக்கரங்களின் விகிதத்தை எழுதுங்கள். 12-க்கு 1 என்று வந்தால் நிமிட முள்ளும் மணி முள்ளும் நினைவுக்கு வர வேண்டும். கணக்குப் போடும் பொறியில் 10-க்குப் பதில் 12-இலும் 16-இலும் அடுத்த கட்டத்துக்குத் தாவினால் பை, அணா, ரூபாய்: 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது அந்தக் கணக்கு முடிந்தது, ஆகவே பொறி அதற்கு முந்தியது. 12-உம் 20-உம் என்றால் பென்ஸ், ஷில்லிங், பவுண்டு. 640 சுற்றுக்கு ஒருமுறை முள் திரும்பினால், சக்கரத்தின் சுற்றளவு 8 அடி 3 அங்குலமா என்று அளந்து பாருங்கள். 640-ஆல் பெருக்கினால் சரியாக ஒரு மைல், 5,280 அடி. சாலை அளக்கிற சக்கரம்.

உலகத்திலேயே பேர்பெற்ற புதிர்ப்பொறியும் இப்படித்தான் வழிக்கு வந்தது. கிரேக்கத்தில் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுத்த, பாசி படிந்த வெண்கலக் கட்டி, இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறிவியல் வரலாற்றாசிரியர் டெரெக் டி சோல்லா பிரைஸ் எக்ஸ்ரே படங்களை வைத்து அதன் சக்கரங்களைக் கணக்கிட்டார். பிறகு 2000-களில் இன்னும் நுட்பமான ஸ்கேன் எடுத்தபோது ஒரு சக்கரத்தில் 223 பல் என்பது உறுதிப்பட்டது. 223 சந்திர மாதம் போனால், அதாவது 18 வருடம் 11 நாள் சொச்சத்தில், கிரகணங்கள் அதே வரிசையில் திரும்ப வரும். 223 பகா எண். அந்த எண்ணைச் சின்னச் சக்கரங்களாகப் பிரித்து வைக்க முடியாது, முழுசாக வெட்டித்தான் ஆக வேண்டும். வானத்துக் கணக்கு இல்லாமல் யாரும் உட்கார்ந்து 223 பல் வெட்டியிருக்க மாட்டார்கள்.

உக்கடத்துப் பொருள்

இனி ஒரே பொருளை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறேன். எனக்கு மிகவும் நெருக்கமான பொருள்.

கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்தது. நீளமான வார்ப்பு இரும்பு அடிச்சட்டம். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு ஷாஃப்ட், அதன் முனையில் கைப்பிடி. ஷாஃப்டில் வார்ம், அதாவது திருகாணி மாதிரி மரை வெட்டிய பாகம், அதோடு சேரும் பித்தளைப் பல்சக்கரம், சக்கரத்தோடு சுற்றும் தட்டில் 0 முதல் 120 வரை எண்கள், பக்கத்தில் ஒரு சின்ன மணி. ஷாஃப்டில் வண்டிச் சக்கரத்து நடுவில் இருப்பது மாதிரி ஒரு கனத்த குடம், அதைச் சுற்றி ஆறு துளைகள். சட்டத்தின் முன்பக்கம் வரிசையாக ஏழு துளைகள். கடைக்காரர் கோயில் மணிக்கூண்டுச் சாமான் என்றார்.

பல்லை எண்ணினேன்: 80. வார்ம் ஒற்றை மரை, ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒரு பல் நகரும். 80 சுற்று முடிந்ததும் சக்கரத்தில் இருக்கும் ஊசி சுத்தியலைத் தூக்கிவிட்டு மணியை அடிக்கும். தட்டிலோ 120. அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை. ஒன்றரை என்ன? அடியா, கஜமா, மீட்டரா?

குடத்தின் ஆறு துளையில் ஆரக்கால் மாதிரி ஏதோ ஆறு கை இருந்திருக்கிறது. ஆறு முனையில் ஒன்றைச் சுற்றினால் அறுகோணம். அறுகோணத்தில் பக்கமும் கையின் நீளமும் சமம். ஒன்றரை அடிக்குக் கை வெறும் 3 அங்குலம். அதற்கு ஷாஃப்டை இவ்வளவு உயரத்தில் வைக்கத் தேவையே இல்லை. ஒன்றரை கஜம் 54 அங்குலம், கை 9 அங்குலம். ஒன்றரை மீட்டரானால் கை 25 சென்டிமீட்டர். இரண்டுமே இடத்துக்குப் பொருந்தின. இங்கேதான் மரை உதவியது. அரை அங்குலப் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்க அளவானால் 13 இருக்கும், மெட்ரிக் என்றால் கேஜே உட்காராது. 12 என்றால் விட்வொர்த் என்கிற இங்கிலாந்து மரை அளவு. ஆகவே கஜம்.

120 கஜம் என்றதும் கோவைக்காரனுக்கு வேறு யோசனை வராது. நூலில் 120 கஜம் ஒரு லீ. ஏழு லீ ஒரு சிட்டா, 840 கஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டா வருகிறதோ அதுதான் நூலின் கவுண்ட். வார்ம் சக்கரத்து எண்ணெய்ப் பிசுக்கில் சுரண்டி எடுத்ததைக் கொளுத்திப் பார்த்தால் காகித வாசனை, பருத்தி. நூல் கவுண்ட் பார்க்க நூலைச் சுற்றி எடுக்கிற ராப் ரீல் என்று முடிவுக்கு வந்தேன்.

ஆனால் இரண்டு விஷயம் மிச்சம் நின்றன. நான் வைத்திருக்கிற விதி: ஒரு பாகத்துக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டாலும் விடை முடியவில்லை. குடத்தின் ஆறு துளையில் ஐந்து ஒரே மாதிரி, ஆறாவதில் மட்டும் கீல். பார்த்தால் யாரோ பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். பெயின்ட் அடியில் பார்த்தேன், கீல் அமர்கிற வெட்டும் முதல் வார்ப்பிலேயே இருந்தது. வேண்டும் என்றே செய்தது. நூலைச் சுற்றி இறுக்கிய பிறகு கழற்றி எடுக்க ஒரு கை மடங்கினால்தான் முடியும். சரி, அது தீர்ந்தது. முன்பக்கத்து ஏழு துளை?

எங்கள் தெருவில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் போய் "இது நூல் சுத்தற மெஷினா?" என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பொருளை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் வலது கை நேரே கைப்பிடிக்குப் போனது. இடது கை காற்றில் எதையோ நீவிப் பிடித்தது. "ஏனுங் தம்பி, கையெல்லாம் எங்க போச்சுங்? நூல் கண்டும் காணோம்" என்றார். பிறகு முன்பக்கத்துத் துளைகளைத் தொட்டுக் காட்டி, "இதுல கம்பி இருக்குமுங், கம்பிக்கு ஒரு கண்டு." ஏழு கண்டிலிருந்து ஏழு நூல் ஒரே நேரத்தில் சுற்றினால், மணி அடிக்கும்போது ஏழு லீ, ஒரு முழு சிட்டா. மிச்சம் எதுவும் நிற்கவில்லை.

பழைய தொழிலாளிகளிடம் கேட்கும்போது வாயைவிடக் கையைக் கவனியுங்கள். பெயர் மறந்திருக்கும், கைக்கு மறந்திருக்காது.

அதோடு விடவில்லை, செய்து பார்த்தேன். ஒன்பது அங்குல மரக் கைகள் கடைந்து பூட்டி, 40 கவுண்ட் நூல் கோன் ஒன்று வாங்கி மணியடிக்கும்வரை சுற்றினேன். பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு லீ சிட்டாவில் ஏழில் ஒரு பங்கு, அதனால் 1,000-ஐ லீயின் கிரெய்ன் எடையால் வகுத்தால் நேரே கவுண்ட் வரும். கிராம் தராசில் என்றால் 64.8-ஐ வகுக்க வேண்டும். 40 கவுண்டுக்கு 1.62 கிராம் வர வேண்டும். நகை நிறுக்கிற தராசில் அதை ஒட்டியே நின்றது. அன்றைக்கு 120 கஜம் என்று ஏன் வைத்தார்கள் என்பதும் அப்போது தெளிவாக விளங்கியது. கையில் ஒரு தராசும், மனதில் ஒரு வகுத்தலும் போதும். மில் தளத்தில் நின்றபடியே நூலின் தரம் சொல்லிவிடலாம். எவ்வளவு அழகான கணக்கு!

எழுத்துகளும் எண்களும்

பெயர்த்தகடு இருந்தால் நல்லதுதான், ஆனால் அதைக் கடைசியில்தான் படிக்கிறேன். முதலில் படித்தால் கண் அதற்குத் தகுந்தபடியே பார்க்க ஆரம்பித்துவிடும். தேதி பிடிக்கச் சில குறிகள் உதவும். 'ஆர்டி நம்பர்' என்று ஆங்கிலச் சுருக்கமும் எண்ணும் இருந்தால் பிரிட்டிஷ் வடிவப் பதிவு, 1884-இலிருந்து வந்த வரிசை. அதற்கு முன் 1842 முதல் வைர வடிவ முத்திரை. 'டிஆர்பி' என்பது 1877-க்குப் பிந்திய ஜெர்மன் காப்புரிமை, 'டிஆர்ஜிஎம்' 1891-க்குப் பிந்தியது. ஆக்கிரமிப்பு ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952-க்குள். அமெரிக்கக் காப்புரிமை எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911-இல். எண் அதற்குக் கீழே என்றால் காப்புரிமை அதற்கு முந்தியது. காப்புரிமை எண் கிடைத்துவிட்டால் இணையத்தில் வரைபடத்தோடு முழு விளக்கமும் இருக்கும், ஆனால் பிரிட்டிஷ் எண்கள் 1916-க்கு முன் வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்கின, ஆகவே வருடமும் வேண்டும்.

இல்லாத பாகங்களையும் படியுங்கள். மரை வெட்டிய துளை காலியாக இருந்தால் அங்கே ஏதோ இருந்தது. சாயம் படாத சதுரம் இருந்தால் அங்கே ஏதோ உட்கார்ந்திருந்தது. அடியில் நான்கு துளை இருந்தால் மேசையில் பூட்டியது, முதுகில் இருந்தால் சுவரில். இரும்புக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் பித்தளை வைத்திருந்தால் காந்தத்தால் சுற்றிலும் சோதித்துவிட்டு ஏன் என்று கேளுங்கள்: தண்ணீரா, உரசலா, பக்கத்தில் திசைகாட்டியா? உட்புறம் வெள்ளீயம் பூசியிருந்தால் பெரும்பாலும் சாப்பாட்டுச் சாமான்.

விடை கிடைத்தபின் ஒரு கெட்டி அட்டையில் எல்லாவற்றையும் எழுதிப் பொருளோடு கட்டிவையுங்கள்: எங்கே கிடைத்தது, பல் எண்ணிக்கை, மரை, அழுக்கில் என்ன இருந்தது, என்ன பாகம் இல்லை, நீங்கள் புதிதாகச் செய்து பூட்டியது எது. என் ரீலின் மரக் கைகளில் வருடத்தைச் சூட்டுக்கோலால் பொறித்திருக்கிறேன். பிற்காலத்தில் யாரும் அதைப் பழசு என்று நினைத்துவிடக் கூடாது. விடை கிடைக்காவிட்டாலும் இதே அட்டை வேண்டும், அதில் எது இல்லை என்று தெரிந்ததோ அதையும் காரணத்தோடு எழுதுங்கள். அடுத்து பார்ப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.

சுத்தம் செய்வது இதற்கெல்லாம் பிறகுதான். காய்ந்த பிரஷ், மெல்லிய எண்ணெய், பருத்தித் துணி. எமரி வேண்டாம், ஸ்ப்ரே பெயின்ட் வேண்டவே வேண்டாம். நடுவில் துளை போட்டு வயர் இழுத்து மேசை விளக்கு ஆக்கித் தரச் சொல்லிப் பட்டறைக்கு வருகிறார்கள், நல்ல காசும் தருகிறார்கள். அந்த வேலையை நான் எடுப்பதில்லை.